பேர் வெட்டிய பீப்பாய்

ஆகஸ்ட் 2, சனி
ரத்த அழுத்தம் 146/92

டாக்டர் அம்மாள் சொன்னதால் இந்த நோட்டு. தினமும் அளவைக் குறிக்க வேண்டுமாம். கூடவே அன்றைக்கு எதற்கு மனம் கொதித்தது என்று இரண்டு வரி எழுத வேண்டுமாம். இரண்டு வரியில் அடங்கும் என்று நினைக்கிறார், பாவம். அவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது.

கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் சருகு அள்ளுகிறேன் என்று ஏணி ஏறி, விழுந்து, வலது தோள்பட்டையை முறித்துக்கொண்டார் சேகர். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதத்துக்குக் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில்தான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது, காரில் மெல்ல ஆரம்பித்தார்.

"மரகதம், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத."

"சொல்லுங்க."

"கிளப்புல ரெண்டு பீப்பா பீர் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். அக்டோபர் இருபத்தஞ்சு, ஊர்க்காரங்க எல்லாம் வந்து ருசி பாக்குற நாளு."

"நம்மகிட்ட பீப்பாவே இல்லையே?"

"வாங்கணும்" என்றார், கறிவேப்பிலை வாங்குவது போல.

நாங்கள் குடியேறி வந்த இந்த பல்லாரட் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு என்று ஒரு கிளப் இருக்கிறது. இந்த நாட்டில் அது குற்றமில்லை, விற்கத்தான் கூடாது. நான்கு வருடத்துக்கு முன் சேகர் அதில் சேர்ந்தார். முதல் இரண்டு தடவை காய்ச்சியதும் காடியாகிப் போனது. மூன்றாவது தடவை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடம் இட்லி மாவு புளிக்க வைத்தவளுக்கு ஈஸ்ட் எப்போது பொங்கும், எப்போது அடங்கும் என்று தெரியாதா? அன்றிலிருந்து காய்ச்சுவது நான். சுக்கு, வறுத்த மல்லி, பனங்கருப்பட்டி போட்ட கறுப்பு பீர் என் கைப்பக்குவம்.

போன வருடம் பாட்டில் போட்டியில் அதற்கு மூன்றாம் பரிசு. கிளப் செயலாளர் இயன் சான்றிதழை சேகரிடம் நீட்டினார். இவரும் வாங்கிக்கொண்டார். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பொம்பளை பீர் காய்ச்சுகிறாள் என்று மதுரையில் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பெயரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சான்றிதழுக்கு வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறவளும் நான்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
140/90

புது பீப்பாய் விலையைப் பார்த்தேன். உடனே மாத்திரை போட்டேன். பழசுதான் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி
138/88

பழைய பீப்பாய் விற்பனைக்கு இருக்கிறது என்று இணையத்தில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. நாற்பது நிமிடக் கார் ஓட்டத்தில் ஒரு பண்ணை வீடு. நோரீன் என்று எழுபது வயதுக்காரர். முன்பு அவரும் கணவரும் ஒரு குளிர்பானக் கடை வைத்திருந்தார்களாம். கடை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆறு பீப்பாய்கள் நின்றன. ஒவ்வொன்றும் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பத்தொன்பது லிட்டர் பிடிக்கும், நல்ல கனத்த எவர்சில்வர்.

சேகர் வீட்டிலிருந்து போனில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். நான் போனை அணைக்காமல் அப்படியே கைப்பைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். மதுரை விளக்குத்தூண் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கியவளுக்கு எவர்சில்வர் பார்க்கச் சொல்லித்தர வேண்டாம். விரல் முட்டியால் தட்டினேன். கவிழ்த்து அடியைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். பிறகு தலையை உள்ளே விட்டு மோந்தேன். ஒன்றில் டீசல் வாடை. ஒன்றில் ஆட்டு மருந்து வாடை. மூன்றாவதில் நன்னாரி சர்பத் வாசனை தூக்கியது. ஒரு நிமிஷம் தலையை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார் நோரீன்.

"வாங்குகிறேன்" என்றேன்.

மூடியில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. இழுத்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். நான்காவது பீப்பாயில் அதை இழுத்ததும் புஸ்ஸென்று பெரிதாகச் சீறியது. நோரீன் இரண்டடி பின்னால் போனார். பதினோரு வருடமாக அந்தப் பீப்பாய் காற்றை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைவிட என்ன சான்று வேண்டும்? அதையும் நன்னாரியையும் எடுத்துக்கொண்டேன்.

ஓரத்தில் பெரிய உருளை ஒன்று கிடந்தது. ஐம்பது லிட்டர் என்றார் நோரீன். கைப்பைக்குள்ளிருந்து சேகர் கத்தினார்: "மரகதம், அதையும் சேத்து அமுக்கிரு!" பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதன் மேல்வளைவில் ஏதோ ஒரு மதுபான ஆலையின் பெயரை அச்சாகக் குத்தியிருந்தார்கள், எங்கள் சொத்து என்று. அடுத்தவர் பேர் வெட்டின பாத்திரத்தை எங்கள் வீட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். பேர் இருந்தால் அது அவர்களுடையது, அவ்வளவுதான்.

"இதைச் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று நோரீனிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேநீர் போட்டுக் கொடுத்தார். விலையில் நான் கேட்ட குறைப்பையும் கொடுத்தார்.

"உங்கள் கணவர் பீர் காய்ச்சுவாரா?" என்றார் கிளம்பும்போது.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
142/90

நன்னாரிப் பீப்பாயில் இருந்த எல்லா ரப்பர் வளையத்தையும் மாற்றியாயிற்று. வாசனை ரப்பரில்தான் குடியிருந்தது. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்தேன். சேகர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்கிட்டு இன்னும் கறை இருக்கு பாரு" என்று இடது கையால் காட்டினார். புளித் தண்ணியை அவர் பக்கம் சிலுப்பினேன். தற்செயலாக.

ஆகஸ்ட் 23, சனி

காற்றடைத்துப் பார்த்தோம். சோப்பு நுரையை மூடியைச் சுற்றித் தடவினேன், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரி. இரண்டிலும் குமிழ் குமிழாக வருகிறது. பதினோரு வருடம் பிடித்தது, நான் திறந்து மூடியதும் பிடிவாதம் விட்டுவிட்டது. "புது மூடி வாங்கிரலாமா?" என்றார். நான் மூடி வளையங்களைக் கழற்றி ஃப்ரீசரில் வைத்தேன். குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் வேறென்ன செய்வோம்? ஒரு மணி நேரம் கழித்து விறைப்பாக எடுத்துப் பொருத்தினேன். ஒரு குமிழ் இல்லை.

சேகர் போனில் இயனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஃப்ரீசரில் வைக்க வேண்டும்."

154/94.

செப்டம்பர் 6, சனி

காய்ச்சினேன். ஆறரை மணி நேரம் நின்றேன். மல்லியை வறுக்கும்போது பக்கத்து வீட்டு நாய் வேலியில் வந்து நின்று மூக்கை உறிஞ்சியது. சுக்கை இந்த முறை கொஞ்சம் கூடத் தட்டிப் போட்டேன். ஆறியதும் வாயில் வைத்தேன். போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது. யாருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று தெரியவில்லை. எல்லாம் இவர் வாக்குக் கொடுத்துவிட்டாரே என்றுதான்.

செப்டம்பர் 20, சனி
136/86

இரண்டு பீப்பாயிலும் நிரப்பி மூடியாகிவிட்டது. மூடி அசையாமல் உட்கார வளையங்களுக்குத் தாராளமாக நல்லெண்ணெய் தடவினேன். உள்ளே போகும் குழாயின் வளையங்களுக்கும் விட்டேன். அம்மா குக்கருக்கு அப்படித்தான் செய்வாள், நானும் அப்படித்தான். மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அக்டோபர் 2, வியாழன்
161/98

ஒரு தம்ளர் பிடித்துப் பார்த்தேன். நுரை இல்லை.

ருசி இருக்கிறது, மணம் இருக்கிறது, காற்றும் ஏறியிருக்கிறது. ஆனால் தம்ளரில் ஊற்றினால் நுரை எழும்பி, உடனே செத்துவிடுகிறது. மேலே பார்த்தால் பொட்டு பொட்டாக எண்ணெய் மின்னுகிறது, ரசத்தில் மிதப்பது போல. எண்ணெய் பட்டால் நுரை நிற்காது. குழம்பு பொங்கினால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அடக்குகிறவள் நான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனது? குக்கருக்கு நுரை வேண்டாம், பீருக்கு வேண்டும். இவ்வளவுதான் விஷயம். முப்பத்தெட்டு லிட்டரைக் கெடுத்துவிட்டேன்.

சேகர் வந்து பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"விடு மரகதம். இயனுக்குப் போன் பண்ணி, கை சரியில்ல, இந்த வருசம் முடியலன்னு சொல்லிருறேன். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"முடியலன்னு யாரு சொன்னா?"

"இருபத்துமூணு நாளுதானே இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு பீப்பாயையும் புல்தரையில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வாஷிங் சோடா போட்டுச் சுடுதண்ணீரில் நான்கு முறை கழுவினேன். வளையங்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். இதற்கென்றே பசை போல ஒன்று கடையில் விற்கிறதாம், நுரையைக் கெடுக்காதாம். கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அக்டோபர் 4, சனி

மறுபடி காய்ச்சினேன். சுக்கு, மல்லி, கருப்பட்டி, எல்லாம் அதே அளவு. கால் வீங்கிவிட்டது. இது இவர் வாக்குக்காக இல்லை. அதை எழுதிவிடுகிறேன், பொய்யான நோட்டை டாக்டரிடம் காட்டி என்ன பயன்.

அக்டோபர் 11, சனி
158/96

கண்ணாடி முன்னால் நின்று சேகர் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் பீரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். நான் துவைத்த துணியோடு கூடத்தில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

"சுக்கைத் தட்டும்போது, என் அனுபவத்தில், ரொம்பப் பொடியாக்கக் கூடாது" என்றார் கண்ணாடியிடம், ஆங்கிலத்தில், இடது கையை ஆட்டி.

இவர் இதுவரை சுக்கைக் கண்ணால் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "பீப்பா மாறிப் போகாம இருக்க ஒவ்வொண்ணுலயும் பேர் ஒட்டணும்னு இயன் சொல்லியிருக்கான். ஒரு டேப்புல 'சேகர்'னு எழுதி ஒட்டிரு" என்றார்.

சரி என்றேன். துணியை மடித்து வைத்தேன். பீப்பாய்கள் இருக்கும் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதுரையில் எந்தப் பாத்திரக் கடையிலும் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வெளியே வர மாட்டோம். கடைக்காரர் ஒரு சின்ன மெஷினை வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பார். என் கல்யாணச் சீர் அத்தனையிலும் அப்பா பேர் இருக்கிறது. இங்கே வந்து வாங்கியதில் எதிலும் யார் பேரும் இல்லை. சேகரின் கருவிப் பெட்டியில் சுழலும் முனை வைத்த மெஷின் ஒன்று இருந்தது. பீர் இன்னும் டிரம்மில் புளித்துக்கொண்டிருந்ததால் பீப்பாய்கள் காலியாகத்தான் இருந்தன. மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, மேல்வளைவில் லேசாக, ஆழம் போகாமல் கொத்தினேன். முதல் 'ம' கோணல். இரண்டாவது பீப்பாயில் எல்லா எழுத்தும் நேராக வந்தது.

மரகதவல்லி.

தமிழில்தான். முன்னால் இனிஷியல் போடவில்லை, அப்பாவுடையதும் இல்லை, இவருடையதும் இல்லை. நான் வாங்கிய பாத்திரம், நான் பேர் வெட்டினேன். இதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

டேப்பும் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி
134/84

நிரப்பினேன். அடைத்த காற்று பீரில் சீக்கிரம் கரைய வேண்டும் என்று ஒவ்வொரு பீப்பாயையும் தரையில் படுக்க வைத்து, காலால் முன்னும் பின்னும் உருட்டினேன். ஒன்றுக்கு அரைமணி நேரம். தூளிக் குழந்தையைக்கூட நான் இவ்வளவு ஆட்டியதில்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஒரு தம்ளர் பிடித்தேன். இரண்டு விரற்கடை நுரை. பழுப்பு நிறம். பாத்திரம் துலக்கி முடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் நுரை நின்றது. ருசி பார்ப்பது குடிப்பதில் சேராது, அதனால் முழுத் தம்ளரையும் ருசி பார்த்தேன்.

அக்டோபர் 25, சனி

அளவு பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கருவி உடைந்திருக்கும்.

கிளப் கூடத்தில் இருபத்திரண்டு பீப்பாய்கள் வரிசையாக நின்றன. சுவரில் ஒரு பெரிய கரும்பலகை. ஒவ்வொரு குழாய்க்கும் நேராக பீரின் பெயரையும் காய்ச்சியவர் பெயரையும் இயன் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டே வந்தார். நான் எங்கள் மேஜைக்குப் பின்னால் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சேகர் புதுச் சட்டையில், கைத்தொட்டிலோடு, மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

இயன் எங்கள் இடத்துக்கு வந்து 'சேகர்' என்று எழுதக் கையைத் தூக்கினார். பிறகு குனிந்து பீப்பாயைப் பார்த்தார்.

"இது அழகாக இருக்கிறதே. இந்தப் புள்ளியெல்லாம் என்ன? ஏதாவது எழுத்தா?"

சேகரும் குனிந்தார். நான் பேர் வெட்டிய பிறகு கராஜ் பக்கமே வராதவர், இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். அந்தக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் படித்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அது... ஒரு சாமி பேரு" என்றார் இயனிடம்.

முழுப் பொய்யும் இல்லை. அம்மனுக்கும் அந்தப் பேர் உண்டு. இயன் தலையாட்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புக் கட்டியைத் தூக்கினார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். போன வருடம் இருந்தேனே. ஒரு வருடம் முழுக்க இருந்தேனே.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது என் பெயர். மரகதவல்லி. இந்த பீரைக் காய்ச்சியது நான். போன வருடம் பரிசு வாங்கியதும் நான் காய்ச்சியதுதான்."

இயனின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் குழாயைத் திறந்தபடியே மறந்து நின்றதில் பீர் தரையில் ஓடியது.

"எனக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றார் இயன் மெதுவாக. சொன்னேன். பலகையில் இடம் போதாமல், பக்கத்து மேஜைக்காரரின் வரிக்குள் நுழைந்து முடிந்தது என் பெயர்.

இயன் நகர்ந்த பிறகு சேகர் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க போன வருசம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். இடது கையால் மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அவன் எங்கிட்ட நீட்டுனான், நான் கூச்சத்துல வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் எப்படித் திருப்பிச் சொல்றதுன்னு தெரியல. நாளாக ஆக, நான்தான் போட்டேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு."

"சுக்கைப் பத்தி கண்ணாடிகிட்ட பேசினீங்களே, அப்பவா?"

"கேட்டுட்டியா?" என்றார். முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. முப்பத்தொரு வருடம் வாழ்ந்த மனிதன், வேறென்ன செய்ய?

பேச என் முறை வந்தபோது இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் பேசினேன். நல்லெண்ணெய்க் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு தம்ளரோடு வந்தார்கள். ஒரு தடவை வந்தவர்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். ஒரு கை ஆனாலும் சேகர் குழாயை விடவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார். "இது என்ன?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம், "அங்க நிக்கிறாங்க பாருங்க, அவங்களக் கேளுங்க, எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மூன்று மணி இருக்கும். முதல் பீப்பாய் தீர்ந்து, இரண்டாவதிலும் கூட்டம் குறையவில்லை. திடீரென்று குழாய் இருமியது. நுரையாகத் துப்பியது. பிறகு வெறும் காற்றாகச் சீறியது.  மூடி கசிகிறது என்று நினைத்து, மேஜைக்கு அடியில் மண்டி போட்டு மூடியைச் சுற்றித் தடவினேன். மேலே கூடம் முழுக்க ஒரே கத்தல். மேஜைகளைத் தட்டுகிறார்கள், சீட்டி அடிக்கிறார்கள். ஏதோ வெடிக்கப் போகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

சேகர் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"எந்திரி மரகதம். கசியல. காலியாயிருச்சு!"

"காலியானா ஏன் கத்துறாங்க?"

"யாரோட பீப்பா எல்லாம் முதல்ல காலியாகுதோ அவங்கதான் இங்க ஜெயிச்சவங்க. நீதான்!"

பீப்பாயை அசைத்துப் பார்த்தேன். பூப்போல இருந்தது.

இயன் மேடையில் ஏறி என் பெயரைப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். கடித்துக் குதறினார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் மேலே போய், ஒலிபெருக்கியை வாங்கி, ஒருமுறை சரியாகச் சொன்னேன். கூட்டம் திருப்பிச் சொன்னது. முந்நூறு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து 'மரகதவல்லி' என்று கத்துவதை என் காதால் கேட்டேன்.

எனக்குப் பெயர் ஒரு பொருட்டில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அது பொய். எனக்கு வேண்டும், ரொம்ப நாளாக வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை எட்டரைக்கே ஆரம்பித்துவிட்டது. கிளப்பில் எல்லோரிடமும் இருப்பது சேகரின் நம்பர்தான். முதலில் ஒருவர், கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிறகு நோரீன், கிளப்பில் நம்பர் வாங்கினாராம். நேற்று பேத்தியோடு வந்திருந்தாராம், பீப்பாயை அடையாளம் கண்டுபிடித்தாராம், மீதி நான்கையும் எனக்கே தருகிறேன் என்றார். பிறகு இயன், அடுத்த மாதக் கூட்டத்தில் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார். பிறகு பெயர் தெரியாத மூன்று பெண்கள்.

சேகர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் எழுந்தார். போனை எடுத்தார், கேட்டார், ஒரு கையால் என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான்."

ஏழாவது போனுக்கு அவர் எடுத்துக் கேட்கவே இல்லை. மணி அடித்ததும் அப்படியே கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனக்குச் சட்னி ஊற்றினார்.